விழிஞ்ஞக் கோட்டையும் ஆய்க்குல மகளிரும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கடற்கரையோரமாகப் பத்துக் கல் தொலைவு சென்றால் விழிஞ்ஞம் என்னும் துறையை அடையலாம். மீனவர் வலை உலர்த்தும் அக்கரையின் அருகே, ஒரு பாறையைக் குடைந்து செய்த சிறு கோயில் உண்டு. கி.பி. எட்டாம் நூற்றாண்டினது என்பர். உள்ளே வீணை ஏந்திய தட்சிணாமூர்த்தி அமர்ந்திருக்கிறார். வெளிச்சுவரில் இருமருங்கும் செதுக்கத் தொடங்கிய உருவங்கள் நிறைவு பெறாமலே நின்றுவிட்டன. ஒருபுறம் வில்லேந்திய சிவன்; மறுபுறம் உமையோடு கூடிய சிவன். உளியின் வடு இன்றும் தெரிகின்றது.

இத்துறையே ஒரு காலத்தில் ஆய்வேளிரின் கோநகராக விளங்கியது. பாண்டியர், சேரர், சோழர் ஆகிய மூவேந்தரின் படைகளும் இம்மண்ணை மிதித்துள்ளன. இங்கு நிகழ்ந்த போர்களைச் செப்பேடும் கல்வெட்டும் பேசுகின்றன. வென்றவன் பெயர், வீழ்ந்த மதிலின் உயரம், பற்றிய யானை, பறித்த செல்வம் ஆகிய எல்லாவற்றையும் அவை எண்ணிச் சொல்கின்றன. ஆனால், அம்மதிலுக்குள் வாழ்ந்த அரச மகளிர் யாவர்? போர் வந்தபோது அவர்கள் வாழ்வு எவ்வாறு இருந்தது? இவ்வினாவை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இலக்கியத்திலும் சாசனத்திலும் சிதறிக் கிடக்கும் செய்திகளைக் கொண்டு இதற்கு விடை தேட முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வென்றவன் அரண்மனை

முதலில் வெற்றி பெற்றோர் பக்கத்தைக் காண்போம். தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியன் தன்னை எதிர்த்த எழுவரை வென்றான். சேரனும் சோழனும் தவிர ஏனைய ஐவர் குறுநிலத் தலைவர்கள். அவ்வைவருள் ஒருவன் திதியன். பொதியில் மலையை ஆண்ட ஆய்குடியினன் இவன் எனக் கொள்வர் அறிஞர் பலர்.

அந்நெடுஞ்செழியனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டு நக்கீரர் பாடியதாகக் கருதப்படும் நெடுநல்வாடை, 188 அடிகளில், போர்க்காலத்தில் ஓர் அரசமாதேவியின் ஓர் இரவை நம் கண்முன் நிறுத்துகின்றது. மழையும் வாடையும் மாறாத கூதிர்க்காலம். அரசன் பாசறையில் இருக்கின்றான். அரசி கட்டிலில் கிடக்கின்றாள். முத்தாரம் கிடந்த மார்பில் இப்போது தாலி நாண் மட்டுமே தொங்குகின்றது. பொன்வளை அணிந்த கையில் வலம்புரி வளையும் காப்பு நூலும் உள்ளன. செவிலியர் கூறும் ஆறுதல் மொழி அவள் செவியில் ஏறவில்லை. தலைவன் வெற்றியோடு மீளவேண்டுமென அவள்பொருட்டுக் கொற்றவையைப் பரவுகின்றனர்.

அக்கட்டிலைப் பற்றி நக்கீரர் தரும் செய்தி நின்று எண்ணத்தக்கது. நாற்பது ஆண்டு நிறைந்து, போரில் பட்டு வீழ்ந்த யானையின் கொம்பினால் இழைத்த கட்டில் அது. அரசி எந்தப் போரை எண்ணி உறக்கமின்றிக் கிடக்கின்றாளோ, அத்தகைய வேறொரு போரின் எச்சத்தின் மீதே கிடக்கின்றாள். போர் அரண்மனைக்கு வெளியே நிகழ்வது. அந்தப்புரம் அதற்கு அப்பாற்பட்டது என்று எண்ணுவோர்க்கு இவ்வொரு செய்தியே விடையாகும்.

அதே நள்ளிரவில் அரசனோ பாசறையில் விளக்கொளியில் நடந்து புண்பட்ட வீரரைக் காண்கின்றான். பாட்டு அங்கே முடிகின்றது. வென்ற வேந்தனின் தேவிக்கு இவ்வளவு நுண்ணிய பாட்டு வாய்த்தது. தோற்ற திதியனின் இல்லத்தில் அவ்விரவு எவ்வாறு கழிந்தது என்று பாட ஒரு நக்கீரர் இல்லை. நாம் தேடும் பொருளின் இடர்ப்பாடு இங்கேயே தொடங்குகின்றது.

ஆயின் அரண்மனை

ஆய்குடியின் புகழை நிலைநாட்டியவன் ஆய் அண்டிரன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாக எண்ணப்படுபவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பலவாறு பாடியுள்ளார். அவற்றுள் ஒரு பாட்டு (புறம் 127) அவனது அரண்மனையை வருணிக்கின்றது. பாணர்க்கெல்லாம் களிறுகளை வாரி வழங்கிவிட்டான். யானை கட்டும் தறிகள் வறிதே நிற்கின்றன. அத்தறியடிகளில் காட்டு மயில்கள் கூட்டமாகத் தங்குகின்றன. அவ்வரண்மனையில் எஞ்சியிருப்போர் மகளிரே. அவர்கள் மேனியிலும், பிறர்க்குக் கொடுத்தற்கு இயலாத அணி ஒன்றே எஞ்சியது. அது மங்கல அணி என உரைகாரர் விளக்குவர்.

இதனை நாம் வள்ளன்மையின் சிறப்பாகப் படித்துப் பழகிவிட்டோம். பாடிய புலவர் கருத்தும் அதுவே. ஆயினும் அம்மகளிர் பக்கத்திலிருந்து நோக்கின் வேறொன்றும் புலனாகும். கொடுப்பவன் அரசன், கொடுத்தபின் வெறுமையுற்ற மாளிகையில் வாழ்பவர் அவர்கள். பிற அணிகலன் யாவும் அரசன் கொடைக்கு உரியன. எஞ்சிய அவ்வொன்றும் அவள் உடைமை என்பதால் எஞ்சவில்லை. அவன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அடையாளம் ஆதலால் எஞ்சியது.

அண்டிரன் மறைந்தபோது குட்டுவன் கீரனார் பாடிய கையறுநிலைப் பாட்டு (புறம் 240) அவன் தன் மகளிரொடு மேலுலகம் சென்றான் என்கின்றது. அம்மகளிர் எத்தனைபேர், என்ன பெயரினர் என்பவற்றைப் பாட்டு சொல்லவில்லை. புலவரின் துயரம் முழுவதும் இனித் தம்மைப் புரப்பார் யார் என்பதிலேயே நிற்கின்றது. அரசன் பெயர் நின்றது; உடன் மாய்ந்தவர் தொகையாயினர்.

குரல் உண்டு, பெயர் இல்லை

இத்தென்னாட்டு அரசியருள் தன் குரலைத் தானே விட்டுச் சென்றவள் ஒருத்தி உண்டு. அவள் ஆய்குலத்தாள் அல்லள். ஆயினும் அக்குலத்தோடு தொடர்புடைய சூழலில் வாழ்ந்தவள். ஒல்லையூர் தந்த பூதபாண்டியனின் தேவி அவள். அப்பாண்டியன் பாடிய அகப்பாட்டு (அகம் 25) பொதியில் தலைவன் திதியனைப் போற்றுகின்றது. குமரி மாவட்டத்துப் பூதப்பாண்டி என்னும் ஊர் அவன் பெயரால் அமைந்தது என்பது வழக்கு.

அவன் போர்க்குமுன் கூறிய வஞ்சினம் புறநானூற்றில் (71) உள்ளது. ஒன்றுகூடி வரும் வேந்தரை யான் புறங்காணேனாயின், பெரிய கண்களையுடைய இவளைப் பிரிந்தவன் ஆகுக என்று முதற்கண் சூளுரைக்கின்றான். பின்னரே செங்கோல் கோடுதலையும், நண்பரை இழத்தலையும் கூறுகின்றான். மனைவியை அவன் எவ்வளவு உயர்வாகக் கருதினான் என்பதற்கு இது சான்று என்பர். உண்மையே. ஆனால், போரின் பந்தயப் பொருளாக முதலில் வைக்கப்பட்டதும் அவள் வாழ்வே என்பதனை மறத்தலாகாது. சூள் உரைத்தவன் அவன். அது பிழைத்தால் வரும் பிரிவு இருவருக்கும் உரியது.

பின்னர் அவன் இறந்தான். அவள் தீப்புகத் துணிந்தாள். சான்றோர் தடுத்தனர். அவர்களை நோக்கி அவள் பாடிய பாட்டே புறநானூற்றின் 246-ஆம் பாட்டு. கற்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாக அதனை மேடைகளில் முழங்குவது நம் வழக்கம். அப்பாட்டின் பெரும்பகுதியோ தீயைப் பற்றியது அன்று, சோற்றைப் பற்றியது. கணவனை இழந்த பெண்டிர் உண்ணும் உணவை அவள் ஒவ்வொன்றாகக் கூறுகின்றாள். நெய் தீண்டாத உணவு. கையால் பிழிந்த நீர்ச்சோற்று உருண்டை. எள் அரைத்த விழுதொடு புளிசேர்த்து வேகவைத்த வேளையிலை. பாய் இன்றிப் பரற்கற்கள் மேல் படுக்கை. அவ்வாறு வாழ்தல் தன்னால் ஆகாது என்றும், தன் கணவன் மாய்ந்தபின் தாமரை மலர்ந்த பொய்கையும் எரியும் தனக்கு ஒன்றே என்றும் முடிக்கின்றாள்.

இப்பாட்டை ஊன்றிப் படிப்பார்க்கு அவள் தடுத்தவர்களோடு வழக்காடுவது தெளிவாகும். சாவினின்று தடுக்கின்றீர், தடுத்துவிட்டு எனக்கு எவ்வாழ்வைத் தருகின்றீர் என்பதே அவள் வினா. அவ்வினாவிற்குச் சான்றோரிடம் விடை இருந்ததாகப் பாட்டில் இல்லை. அவர்களைத் தீய சூழ்ச்சி உடையீர் என்றே அவள் விளிக்கின்றாள். போரில் கணவன் வீழ்ந்தால் அரசிக்கும் வேளைக்கீரையே விதி என்றால், குடிமகள் நிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம். தீயைப் புகழ்வது எளிது. அவ்வினாவைக் கேட்பது அரிது. அவளைப் பெருமைப்படுத்தும் வழி அவ்வினாவைக் கேட்பதே.

மதுரைப் பேராலவாயார் அவளைக் கண்டு பாடிய பாட்டில் (புறம் 247), நீர் வழியும் கூந்தலொடு அவள் தீயை நோக்கி நடக்கும் காட்சி உள்ளது. காவல் மிக்க அரண்மனையில் கணவன் சிறிது பொழுது தனித்து விட்டாலும் உயிர் நடுங்குபவள் இவள் என்று அவர் இரங்குகின்றார்.

இத்துணைத் தெளிவாகப் பேசிய அவள் பெயர் என்ன? பெருங்கோப்பெண்டு என்று ஏடு கூறுகின்றது. அது பெயர் அன்று. பெருங்கோவின் மனைவி என்னும் பட்டம். குரல் நம்மிடம் வந்து சேர்ந்தது, பெயர் சேரவில்லை.

மதில் வீழ்ந்த நாள்

சங்ககாலம் கழிந்தது. பாண்டியரின் வலிமை பெருகப் பெருக ஆய்வேளிரின் நாடு தெற்கும் மேற்குமாக ஒதுங்கியது. கோச்சடையன் ரணதீரன் மருதூரில் ஆய்வேளை வென்றதாக வேள்விக்குடிச் செப்பேடு கூறுகின்றது. அவன் பெயரன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், போர் விழிஞ்ஞத்தின் வாயிலுக்கே வந்தது.

அப்பராந்தகனது 17-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த சீவரமங்கலச் செப்பேடு இவ்வெற்றியைப் பெருமிதத்துடன் கூறுகின்றது. வானளாவும் மதிலும், கடலே அரணாக அமைந்த காவலும் உடைய விழிஞம் அழிந்தது. வேணாடன் தோற்றான். அவனுடைய யானைகளும் குதிரைகளும் குலதனமும் நன்னாடும் பாண்டியன் வயமாயின.

இப்பட்டியலைப் பாருங்கள். யானை உண்டு, குதிரை உண்டு, தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த குலதனம் உண்டு. அக்குலத்து மகளிர் இல்லை. தோற்ற மன்னனின் தாயும் தேவியும் மகளும் அம்மதிலுக்குள்தான் இருந்திருக்க வேண்டும். அவர்கள் கடல்வழி தப்பினரா, சிறையாயினரா, வென்றவன் அரண்மனையில் ஏவல் செய்தனரா என்பதனைச் செப்பேடு சொல்ல வேண்டியதாகக் கருதவில்லை. வெற்றிச் சாசனம் கொண்டதைக் கூறும். இழந்தாரைக் கூறுதல் அதன் வேலையன்று. வரலாறு எழுதும் நாம் அச்சாசனத்தின் கண்கொண்டே பார்த்தல் வேண்டுமா என்பதே கேள்வி.

அவ்வழிவோடு போர் முடியவில்லை. அதே அரசனின் 23-ஆம் ஆண்டில், மலைநாட்டில் சடையன் கருநந்தன் மேற் சென்று அருவியூர்க் கோட்டையை அழித்த செய்தியைக் கழுகுமலைக் கல்வெட்டு தருகின்றது. 27-ஆம் ஆண்டில் விழிஞத்துக் கரைக்கோட்டையைத் தகர்க்கச் சேரர் படை வந்தது. எதிர்த்துப் பொருது ரணகீர்த்தி என்னும் வீரன் இறந்தான். அவனுக்குக் கல் நட்டனர். ஒரே அரசனின் காலத்தில், பத்தாண்டிற்குச் சற்று மிகுந்த இடைவெளியில், இச்சிறு நிலப்பகுதியில் மும்முறை போர். பாண்டியப் படை வந்தபோது பத்து வயதுச் சிறுமியாக அக்கோட்டையில் இருந்த ஒருத்தி, சேரர் படை வந்தபோது இருபதைக் கடந்திருப்பாள். அவள் வளர்ந்ததெல்லாம் இடிந்த மதிலைக் கட்டுவதும் கட்டியது மீண்டும் இடிவதுமான ஊரில்தான்.

கடலுக்கு அப்பால் ஒருத்தி

2024-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் விழிஞ்ஞத்துப் புதிய துறைமுகத்திற்கு முதற் பெருஞ்சரக்குக் கப்பல் வந்தது. அது சீனநாட்டுச் சியாமென் துறையிலிருந்து வந்தது. அச்சீனத்தின் பழைய வரலாற்றில் நம் பொருளுக்கு ஒளி தரும் ஒரு பெண்மணி உண்டு. செப்பேடு சொல்லாது விட்டதை அவள் சொல்லியிருக்கின்றாள் ஆதலின், சிறிது அங்கும் செல்வோம்.

அவள் பெயர் சாய் யான். ஹான் பேரரசின் இறுதிக் காலத்தில், இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்தவள். தந்தை சாய் யோங் பெரும் புலவர். அரசியற் சுழலிற் சிக்கி 192-இல் சிறையில் மடிந்தார். இளமையிலேயே கணவனை இழந்து தந்தையில்லம் மீண்டிருந்த சாய் யானை, நாட்டில் கலகம் மூண்ட வேளையில், 195-ஐ ஒட்டி, வடபுலத்துச் சியோங்னுக் குதிரைப்படையினர் கவர்ந்து சென்றனர். அவர்தம் இளவரசன் ஒருவனுக்கு அவள் மனைவியானாள். பன்னிரண்டு ஆண்டுகள் அங்கு வாழ்ந்து இரு மக்களைப் பெற்றாள். பின்னர்ப் படைத்தலைவன் சாவ் சாவ், தன் நண்பரான சாய் யோங்கின் குடி அற்றுப்போகலாகாது என்று கருதிப் பொன்னும் மணியும் கொடுத்து அவளை மீட்டான். மக்கள் இருவரையும் அங்கேயே விட்டு அவள் திரும்பினாள். மீண்டும் தோங் சி என்பவனுக்கு மணம் செய்விக்கப்பட்டாள். அவன் ஒருகால் கொலைத்தண்டனைக்கு உள்ளானபோது, வெறுங்காலும் விரிந்த கூந்தலுமாகச் சாவ் சாவின் அவைபுகுந்து வாதாடி அவனுயிரைக் காத்தாள். அழிந்துபோன தன் தந்தையின் நூல்கள் நாலாயிரத்தில் நானூற்றினை நினைவிலிருந்தே எழுதித் தந்தாள்.

அவள் பெயரால் வழங்கும் பாட்டில், படைவீரர் குதிரைகளின் பக்கத்தே ஆடவர் தலைகளும், பின்னே கவர்ந்த பெண்டிருமாகச் செல்லும் காட்சி உண்டு. பிரியும் வேளையில் மகன் கழுத்தைக் கட்டிக்கொண்டு எங்கே போகின்றாய் எனக் கேட்பதும் உண்டு. சிறைப்பட்டது ஒரு துயரம். மீட்கப்பட்டது மற்றொரு துயரம். மீட்டவன் அவள் தந்தையின் குடியை எண்ணினான். அவள் மக்களை எண்ணவில்லை. இந்நுட்பத்தை எந்த வெற்றிச் சாசனமும் எழுதாது; பட்டவளே எழுத முடியும்.

விழிஞ்ஞத்து மகளிருக்கு நேர்ந்தது இதுவே என்று நான் கூறவில்லை. நாடு வேறு, காலம் வேறு. ஆயினும் கோட்டை வீழ்ந்தால் அதனுள் இருந்த உயர்குடிப் பெண்ணின் கதை அங்கே முடிவதில்லை, தொடங்குகின்றது என்பதற்குச் சாய் யான் சான்றாக நிற்கின்றாள்.

பெயர் உண்டு, குரல் இல்லை

மீண்டும் நம் கரைக்கு வருவோம். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய்வேளிர் சற்றே தலைநிமிர்ந்தனர். கோக்கருநந்தடக்கன் கலியுகத்து 14,49,087-ஆம் நாளில், அதாவது கி.பி. 866-இல், பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்க்கு ஒரு சாலையும் நிறுவினான். அச்சாலைக்குரியார் படைக்கலம் ஏந்திக் கூட்டத்திற்கு வரலாகாது என்பதும் அவன் விதித்த கட்டளைகளுள் ஒன்று. படைக்கலம் வெளியே நிற்கட்டும் என்று ஓர் அரசன் எழுதிவைக்க வேண்டியிருந்த காலம் அது.

அவனுக்குப்பின் ஆண்டவன் விக்கிரமாதித்த வரகுணன். 885 முதல் 925 வரை இவன் ஆட்சி நிலவியதாகக் கொள்வர். வரகுணன் என்பது பாண்டியர் பெயர். ஆய்குலத்தான் ஒருவன் அப்பெயரைத் தாங்கியதே அக்குலம் எவ்வளவு பாண்டியச் சார்பில் வாழ்ந்தது என்பதைக் காட்டும்.

இவ்வரசன் மணந்த பெண்ணின் பெயரை ஒரு செப்பேடு காத்துத் தந்துள்ளது. தெங்கநாட்டுக் கிழவன் சாத்தன் முருகன் என்னும் வெள்ளாளத் தலைவனின் மகள் அவள். பெயர் முருகன் சேந்தி. மணத்திற்குப்பின் ஆய்க்குல மாதேவி எனப் பட்டம் பெற்றாள்.

இம்மணத்தின் பொருளை உணரப் புறநானூற்று மகட்பாற் காஞ்சிப் பாட்டுகள் துணைசெய்யும். முதுகுடித் தலைவனிடம் வேந்தன் மகளைக் கேட்கின்றான், தலைவன் மறுக்கின்றான், போர் வருகின்றது. இதுவே அத்துறையின் பொருள். இனி அழியப்போகும் ஊரின் வளத்தைப் புலவர் பாடி இரங்குவர். பழி யாருக்கு? பரணர் பாட்டொன்று (புறம் 336) மகளைப் பெற்று வளர்த்துப் பகையை வளர்த்தாளே என்று தாயைப் பழிக்கின்றது. கேட்டவனும் ஆடவன், மறுத்தவனும் ஆடவன், பழி சுமந்தவள் பெண். கேட்கப்பட்ட மகளின் உள்ளம் எதுவென எப்பாட்டும் வினவவில்லை.

சாத்தன் முருகன் மறுத்தானல்லன், கொடுத்தான். நிலமும் ஆளும் உடைய ஒரு நாட்டுத் தலைவனின் துணை, வடக்கே சேரனும் கிழக்கே பாண்டியனும் நெருக்க இடையில் நின்ற ஆய்மன்னனுக்கு இன்றியமையாதது. மறுத்திருந்தால் மகட்பாற் காஞ்சி; கொடுத்ததால் செப்பேடு. இரண்டிலும் போரைத் தடுக்கவோ தாங்கவோ நடப்பட்ட தூண் அவள். தெங்கநாட்டு வயல்வெளியில் வளர்ந்த பெண் ஆய்க்குலம் முழுமைக்கும் மாதேவியாகித் தன் தந்தையின் நாட்டையும் கணவனின் கோட்டையையும் தன் வாழ்வால் பிணைத்தாள் எனலாம்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. பெருங்கோப்பெண்டைப் போல இவள் பட்டத்துள் மறைந்து போகவில்லை. தந்தை பெயரைத் தலைப்பெயராகத் தாங்கிய தன் இயற்பெயரோடு நிற்கின்றாள். சேந்தன் என்பது முருகன் பெயர். சேந்தி அதன் பெண்பால். ஆயிரத்து நூறு ஆண்டு கடந்தும் அப்பெயரை நாம் சொல்ல முடிகின்றது. ஆனால், அவள் நினைத்தது ஒரு சொல்லும் நம்மிடம் இல்லை. அங்கே குரல் இருந்தது, பெயர் இல்லை. இங்கே பெயர் இருக்கின்றது, குரல் இல்லை. விழிஞம் வீழ்ந்த நாளில் அதனுள் இருந்தவர்க்கோ இரண்டும் இல்லை.

கொடுத்தவளாக ஒருத்தி

இதே வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில் சிதறால் மலையில், அந்நாளில் திருச்சாரணத்து மலை எனப் பெயர்பெற்ற சமணத் திருப்பதியில், ஒரு கல்வெட்டு பொறிக்கப்பட்டது. அரட்டநேமி படாரரின் மாணாக்கியராகிய குணந்தாங்கிக் குறத்திகள் அங்குள்ள படாரியார்க்குப் பொன் அணி அளித்தார் என்பது அதன் செய்தி. குறத்தி என்பது ஈண்டுச் சமணப் பெண்ணாசிரியரைக் குறிக்கும் சொல்.

ஆயின் அரண்மனை மகளிர் நினைவுக்கு வருகின்றனர். அங்கே கொடுத்தவன் அரசன். கொடுக்க இயலாத ஓர் அணியே மகளிர்க்கு எஞ்சியது. இங்கே ஒரு பெண் தன் பெயரால், தன் ஆசிரியர் பெயரைச் சொல்லி, அணியைத் தானே கொடுக்கின்றாள். கல்லில் எழுதியும் வைக்கின்றாள். யாருக்கு மகள், யாருக்கு மனைவி என்ற அடைமொழி அவளுக்கு வேண்டப்படவில்லை. துறவுநெறி போர்க்காலத்துப் பெண்ணுக்கு அளித்த உரிமை இது. முருகன் சேந்தியும் இக்குறத்திகளும் ஓர் அரசன் காலத்தில், ஒரு நாட்டில் வாழ்ந்தவர்கள். ஒருத்தி கொடுக்கப்பட்டவளாகச் சாசனத்தில் நிற்கின்றாள். ஒருத்தி கொடுத்தவளாக நிற்கின்றாள். அக்காலத்துப் பெண்வாழ்வின் இருகரையையும் இவ்விரு சாசனங்களும் காட்டுகின்றன.

முடிவாக

வரகுணனுக்குப்பின் நூறாண்டு கழியுமுன் சோழர் வந்தனர். முதலாம் இராசராசன் காலத்தில், கடலை அகழியாகக் கொண்ட விழிஞம் வென்று கொள்ளப்பட்டதைத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழ்கின்றது. பிற்காலத்தே இவ்வூர் இராசேந்திர சோழபட்டினம் எனப் பெயர் பெற்றது. ஊரின் பெயரே மாறியபோது அவ்வூர் மகளிரின் பெயர் நிலைக்கும் என்று எதிர்பார்ப்பது அரிதே.

ஆனால் கிடைத்தவற்றையேனும் நாம் காத்தல் வேண்டும். தென்குமரியிலும் நாஞ்சில்நாட்டிலும் திருவனந்தபுரத்தைச் சூழ்ந்தும் கோயிற் சுவர்களிலும் பாறைகளிலும் வட்டெழுத்துச் சாசனங்கள் பல உள்ளன. விளக்கிற்கு நெய் அளித்தவள், நிலம் கொடுத்தவள், பொன் இட்டவள் எனப் பெண்பெயர்கள் அவற்றில் ஆங்காங்கே தோன்றுகின்றன. அரசன் ஆண்டைக் கணிப்பதற்காக முதல் வரியைப் படித்துவிட்டு, கொடுத்தவள் பெயர் வரும் வரியைக் கடந்து செல்வது நம் ஆய்வாளர் வழக்கமாகிவிட்டது. அப்பெயர்களை ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிடுவது தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க தொண்டு. பெரும்பொருள் வேண்டியதில்லை, பொறுமையும் வட்டெழுத்துப் பயிற்சியும் போதும்.

விழிஞ்ஞத்திற்குச் செல்லும் அன்பர்கள் புதிய துறைமுகத்தின் பெரிய தூக்குப்பொறிகளைக் கண்டு வியந்தபின், அக்குகைக் கோயிலின் வாயிலிலும் சிறிது நிற்பார்களாக. பாறையிலிருந்து பாதியே வெளிப்பட்ட உமையின் உருவம் அங்கு உண்டு. முருகன் சேந்தியைப் பற்றி நாம் அறிந்தது அவ்வளவுதான். பாறையில் எஞ்சியதைச் செதுக்க நமக்கு உரிமையில்லை. சாசனத்தில் எஞ்சியதைப் படிக்கும் கடமை நமக்கு உண்டு.